முறை சொல்லி வரும் களவு

"மாமி, நான் கனடாவில இருந்து கதைக்கிறன். குரல் தெரியேல்லையோ?" வன்னி வீடுகளுக்கு வரும் மோசடி அழைப்புகளில் இது ஒரு வழக்கமான தொடக்கம். தெரியேல்லை என்று சொல்ல மாமிக்கு மனம் வராது. "தம்பி, நீ இன்னாற்றை மோனோ?" என்று அவரே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு மிச்சக் கதை நடக்கும்: விபத்து, விசாச் சிக்கல், கட்டுநாயக்கா சுங்கத்தில் நிற்கும் பொதி, அதை எடுக்க உடனே போடவேண்டிய காசு.

பெயரை எடுத்துக் கொடுக்காவிட்டாலும் அழைப்பவனுக்கு உறவு தெரிந்திருக்கும். இணையத்தில் வரும் மரண அறிவித்தல் ஒன்றைத் திறந்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். பிறந்த ஊர், இருந்த ஊர், தாய் தகப்பன் பெயர், பிள்ளைகள் யார் யார், ஒவ்வொருவரும் லண்டனா பாரிஸா ரொறன்ரோவா, மருமக்கள், பேரப்பிள்ளைகள், அடியில் நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி இலக்கங்கள். ஒரு குடும்பத்தை முழுதாகத் தெரிந்துகொள்ள அந்த ஒரு பக்கம் போதும். போதாததைப் பேஸ்புக்கில் போட்ட கலியாண வீட்டுப் படங்களும் அதன் கீழே "சித்தி வடிவா இருக்கிறியள்" என்று எழுதியவர்களும் நிரப்பிவிடுவார்கள்.

ஊரில் ஆளை மட்டுக்கட்டியது "நீ ஆற்றை பிள்ளை?" என்ற கேள்வியால்தான். நேரில் நிற்பவரிடம் அது இன்றைக்கும் நல்ல கேள்வி. இணையத்திலோ அதற்கான விடை எவன் கையிலும் இருக்கிறது. ஆகவே முறை சரியாகச் சொன்னான் என்பதற்காக எவரையும் நம்பக்கூடாது. இதை வீட்டில் எல்லோரும், முக்கியமாக அம்மம்மாவும் தாத்தாவும், ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மிச்சப் பாதிக்கு ஒரே விதி. காசு கேட்டோ, குறியீட்டு இலக்கம் கேட்டோ, படம் கேட்டோ யார் வந்தாலும், அந்த அழைப்பை வைத்துவிட்டு, முன்னமே போனில் பதிந்து வைத்திருக்கும் இலக்கத்துக்கு நாமே எடுக்கவேண்டும். "அந்த இலக்கம் இப்ப வேலை செய்யாது, இதுக்கே எடுங்கோ" என்று சொன்னால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். குரலை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒருவர் பேசிய சிறு ஒலித்துண்டை வைத்தே அவர் குரலில் பேசவைக்கும் மென்பொருட்கள் வந்துவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளோடு ஒரு கேள்வியைப் பேசி வைத்திருப்பது நல்லது. பழைய வீட்டில் நின்ற மாட்டின் பெயர், கிணற்றடியில் நின்ற மரம் என்று எங்கும் எழுதப்படாத ஒன்றாக இருக்கட்டும். அதை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாமல் வாயால் மட்டும் சொல்லுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். பிள்ளையின் படமும் பெயரும் காணாமல் போன இடமும் போராட்டச் செய்திகளோடு இணையத்தில் இருக்கின்றன. "உங்கட மகன் இன்ன இடத்தில இருக்கிறார், காசு தந்தால் கதைக்க விடுவம்" என்று சொல்லி 2009க்குப் பிறகு தாய்மாரிடம் பணம் பறித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அப்படி ஒருவன் எடுத்தால், செய்தியில் வராத ஒன்றைக் கேளுங்கள். விடை வரும்வரை ஒரு ரூபாயும் அனுப்பவேண்டாம். அப்படி ஒரு அழைப்பு வந்தால் தாய் தனியே முடிவெடுக்கும் நிலையில் விடாமல் வீட்டில் இன்னொருவர் கூட இருக்கவேண்டும்.

இனி போனுக்கு வருவோம். வன்னியில் பலரின் கூகுள் கணக்கும் பேஸ்புக் கணக்கும் போன் வாங்கிய அன்றைக்கே கொமினிகேஷன் கடையில் திறக்கப்பட்டவை. கடைத்தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியும், சில வேளை மீட்பு மின்னஞ்சலும் கடையினுடையதாக இருக்கும். கூகுள் கணக்கில்தான் தொடர்பிலக்கங்கள், படங்கள், வட்ஸ்அப் சேமிப்பு, போனைத் தொலைவில் இருந்து அழிக்கும் வசதி எல்லாம் கிடக்கின்றன. முதலில் இதைச் சரிசெய்யுங்கள். போனின் செட்டிங்ஸில் கூகுள் என்பதைத் திறந்து, கணக்கு நிர்வாகத்துக்குள் செக்கியூரிட்டி பகுதிக்குப் போனால் எந்தெந்தக் கருவிகளில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும். தெரியாத கருவியைச் சைன் அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு இலக்கமும் மின்னஞ்சலும் வீட்டு ஆட்களுடையதுதானா என்று பாருங்கள். பிறகு டூ ஸ்டெப் வெரிபிகேஷனைப் போடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டாவது பூட்டு அது.

துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற இடங்களில் உள்ளே போகப் போக சிக்னல் மெலியும். குறுஞ்செய்தியில் வரும் குறியீடு பிந்தி வந்து காலாவதியாகிவிடும். அலுத்துப்போய் பாதுகாப்பையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதற்குப் பதில் கூகுள் ஒதன்ரிகேற்றர் செயலியைப் போடலாம். அது 30 விநாடிக்கு ஒரு புதிய இலக்கத்தைப் போனுக்குள்ளேயே உருவாக்கும், சிக்னல் தேவையில்லை. போனின் நேரம் பிழையாக இருந்தால் அந்த இலக்கமும் பிழையாகிவிடும், ஆகவே திகதி, நேரத்தை ஓட்டோமற்றிக்கில் விடுங்கள். கூகுள் பத்து மீட்புக் குறியீடுகளும் தரும். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு தடவைக்கு மட்டும். கடுதாசியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் வைத்திருக்கும் அதே பிளாஸ்ரிக் உறைக்குள் வையுங்கள். போனிலேயே படம் பிடித்து வைத்தால் போன் தொலையும்போது குறியீடும் தொலைந்துவிடும்.

சிம் யார் பெயரில் என்பது அடுத்த கேள்வி. வெளிநாடு போன அண்ணனின் அடையாள அட்டையில் எடுத்த சிம்மை வீட்டில் இன்னும் பாவிப்பது இங்கே சாதாரணம். அந்த போன் தொலைந்தால் மாற்றுச் சிம் எடுக்கப் பதிவுள்ளவரின் அடையாள அட்டை கேட்பார்கள், அவர் பிரான்சில் இருப்பார். அவர் விடுமுறையில் வரும்போதே இருவருமாக நிறுவனக் கிளைக்குப் போய் பெயரை மாற்றிவிடுங்கள். அதேபோல, ரீலோட் போடாமல் கைவிடும் முற்கொடுப்பனவு இலக்கம் சில காலத்தில் இன்னொருவருக்கு விற்கப்படும். உங்கள் வங்கிக் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், உங்கள் பேஸ்புக் கணக்கை அவர் திறக்கலாம். இலக்கத்தை விடுவதற்கு முன் வங்கி, கூகுள், பேஸ்புக், வட்ஸ்அப் நான்கிலும் புதிய இலக்கத்தைக் கொடுத்து முடிக்கவேண்டும்.

வட்ஸ்அப் கணக்கைப் பறிக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஏற்கெனவே பறிபோன ஒரு சொந்தக்காரரின் கணக்கில் இருந்து செய்தி வரும்: "தெரியாமல் உங்களுக்கு ஒரு 6 இலக்கக் கோட் வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ." சில வேளை கோயில் கூட்டம், ஆன்மீக வகுப்பு, பழைய மாணவர் சங்க சூம் கூட்டம் என்று காரணம் மாறும். அனுப்பிய நிமிடமே உங்கள் கணக்கு அவன் போனில் திறக்கும். அடுத்த பத்து நிமிடத்தில் உங்கள் பெயரில் எல்லோரிடமும் "வங்கி லிமிற் முடிஞ்சுது, அவசரமா 50,000 போட்டுவிடுங்கோ, நாளைக்குத் தாறன்" என்று போகும்.

இதைத் தடுப்பது ஒரு நிமிட வேலை. வட்ஸ்அப் செட்டிங்ஸ், எக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிபிகேஷன், அதில் நீங்கள் தெரிவுசெய்யும் 6 இலக்கம். மீட்பு மின்னஞ்சலும் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் இலக்கத்தை மறந்தால் 7 நாள் காத்திருக்க நேரிடும். பிறந்த திகதியை இலக்கமாக வைக்காதீர்கள். புதிய 12 இலக்க அடையாள அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அடையாள அட்டைப் பிரதி யார் கையில் போனாலும் பிறந்த நாளும் கூடவே போகிறது. பிரதி கொடுக்கும்போது எதற்காக, என்ன திகதியில் என்று குறுக்கே பேனையால் எழுதிக் கொடுப்பது நல்ல பழக்கம். வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டி வந்தால் அப்படி எழுதிய பிரதியைப் படம் பிடித்து அனுப்புங்கள்.

கணக்குப் பறிபோய்விட்டால் பயப்படாமல் வட்ஸ்அப்பை அழித்து மீண்டும் போட்டு, உங்கள் இலக்கத்தைக் கொடுத்து, வரும் குறியீட்டை இடுங்கள். அந்தக் கணமே களவாளி வெளியேற்றப்படுவான். அவன் தன் இரகசிய இலக்கத்தை வைத்திருந்தால் நீங்கள் 7 நாள் பொறுக்கவேண்டும், ஆனால் அவனும் உள்ளே இல்லை. குறியீடே வரவில்லை, அல்லது பல மணிநேரம் காத்திருக்கச் சொல்கிறது என்றால் அவன் பிழையான குறியீடுகளை வேண்டுமென்றே அடித்துப் பூட்டியிருக்கிறான். நேரம் முடியும்வரை விட்டுவிட்டு முயலுங்கள். இதற்கிடையில் சாதாரண அழைப்பில் உறவுகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

நட்சத்திரக் குறியும் (*) சதுரக் குறியும் (#) உள்ள எதையாவது அடிக்கச் சொன்னால் அடிக்காதீர்கள். அது உங்கள் அழைப்புகளை அவன் இலக்கத்துக்குத் திருப்பிவிடும் கட்டளையாக இருக்கலாம். வட்ஸ்அப் குறியீட்டைக் குரல் அழைப்பில் சொல்லும் முறையும் இருப்பதால் அது நேரே அவன் காதுக்குப் போகும். தெரியாமல் அடித்துவிட்டால் ##002# என்று அடித்து அழைத்தால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும்.

வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்ற பக்கத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள். கச்சேரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ கொடுக்கப் படிவம் அச்செடுக்கப் போகிறோம். கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப்பைத் திறந்து, கோப்பை எடுத்து, அச்செடுத்து, காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கணக்கு அங்கே திறந்தபடியே கிடக்கும். உங்கள் வீட்டுக் கதை முழுவதையும் அடுத்து அந்தக் கதிரையில் இருப்பவர் வாசிக்கலாம். கடைவாசலைத் தாண்டும் முன் அந்தப் பக்கத்தில் லொக் அவுட் செய்யுங்கள்.

போனைத் திருத்தக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திரை மாற்ற, பற்றரி மாற்ற பாஸ்வேர்ட் கட்டாயமில்லை. தொடுகை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் கேட்பார்கள், அப்போது நீங்களே நின்று திறந்து காட்டலாம். புதிய சம்சுங் போன்களில் மெயின்ரனன்ஸ் மோட் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துபவருக்கு உங்கள் படங்களும் செய்திகளும் தெரியாது.

குறுஞ்செய்தியில் வரும் இணைப்புகளில் தபால் திணைக்களத்தின் பெயரில் "பொதி நிற்கிறது, முகவரியைச் சரிசெய்யுங்கள்" என்று கார்ட் இலக்கம் கேட்பதும், அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்குப் பதிவு என்று வருவதும்தான் இங்கே அதிகம் ஏமாற்றுபவை. முகவரியைப் பார்க்கும் முறை இது: இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடுவரை வாசியுங்கள். அரச தளமென்றால் அந்தச் சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால் புள்ளி, ஜி-ஓ-வி, புள்ளி, எல்-கே என்று முடியவேண்டும். அந்த எழுத்துகள் தொடக்கத்திலோ நடுவிலோ வந்து, பிறகு வேறு பெயர் வந்தால் அது பொய்த்தளம். அஸ்வெசும பற்றிய சந்தேகத்தை 1924 என்ற இலக்கத்துக்கு எடுத்தோ கிராம அலுவலரிடமோ கேட்கலாம். பத்துக் குழுக்களுக்குப் பகிரச் சொல்லும் எந்த உதவித்திட்டமும் உண்மையானதல்ல. கலியாணக் கார்ட் என்று வட்ஸ்அப்பில் வரும் கோப்பு படமாகத் திறக்காமல் இன்ஸ்டோல் செய்யட்டுமா என்று கேட்டால் அது செயலி, உடனே அழியுங்கள். செட்டிங்ஸில் இன்ஸ்டோல் அன்னோன் அப்ஸ் என்பதில் வட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அனுமதி இல்லாமல் வைத்தால் தவறி அழுத்தினாலும் போடாது.

நிமிடத்தில் கடன் தரும் செயலிகளைப் பற்றி நுண்கடனால் பட்ட அனுபவமுள்ள மண்ணில் அதிகம் சொல்லத் தேவையில்லை. அவை தொடர்பிலக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்பதே, தவணை பிந்தினால் உங்கள் சொந்தபந்தம் எல்லோருக்கும் எடுத்து அவமானப்படுத்தத்தான். வெளிநாட்டு வேலை விளம்பரங்களுக்கு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து முகவரின் அனுமதிப்பத்திரத்தை விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்குக் கணினி வேலை என்று கூட்டிப்போகப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடி மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தது அண்மைய கதை.

பிள்ளைகளுக்கு வருவோம். தனிப் போன் உள்ள பிள்ளையும், தாயின் போனை வாங்கிப் பாவிக்கும் பிள்ளையும் வேறு வேறு. தனிப் போன் என்றால் கூகுள் பமிலி லிங்க் நல்லது. பெற்றோர் போனில் செயலி, பிள்ளைக்கு உண்மையான பிறந்த ஆண்டோடு கணக்கு. புதுச் செயலி போட உங்கள் அனுமதி வேண்டும், இரவு ஒன்பதுக்குப் பூட்டலாம். வயதைக் கூட்டிப் போட்டுத் திறந்த கணக்கில் சிறுவர்களுக்கான பாதுகாப்பு எதுவும் தானாக வராது, அதனால் கடையில் அவசரத்துக்குத் திறந்த கணக்கின் பிறந்த ஆண்டைப் பார்த்துத் திருத்துங்கள்.

வீட்டுக்கு ஒரே போன் என்றால் பமிலி லிங்க் பொருந்தாது. செட்டிங்ஸின் செக்கியூரிட்டிப் பகுதியில் அப் பின்னிங் என்று இருக்கும். யூரியூப்பையோ வகுப்பு நடக்கும் சூமையோ திறந்து பின் செய்து கொடுத்தால், இரகசிய இலக்கம் இல்லாமல் அதைவிட்டு வெளியே வரமுடியாது. வெளியேறும்போது இலக்கம் கேட்கவேண்டும் என்ற தெரிவையும் போடவேண்டும். அதை விட்டுவிட்டால் இரண்டு பொத்தானை அழுத்திப் பிள்ளை வெளியே வந்துவிடும். பிளே ஸ்ரோரில் எந்த வாங்கலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள். ப்ரீ பயர் விளையாட்டுக்கு டயமண்ட் மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்று கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும் ஆட்களைப் பற்றிப் பொடியனுக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். பேசாமல் பறித்து வைத்தால் அடுத்த வீட்டுப் போனில் விளையாடும்.

வீட்டில் ரூட்டர் இருந்தால் அதற்குள் ஒரு வடிகட்டி போடலாம். ஒரே வைஃபையில் நின்றுகொண்டு, பின்பக்க ஸ்ரிக்கரில் உள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் அடித்தால் நிர்வாகப் பக்கம் வரும். முதலில் அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பாஸ்வேர்ட் அடிக்காமலே இணையவிடும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்துங்கள். பிறகு டி.என்.எஸ். (தளத்தின் பெயரை வைத்து அதன் இலக்க முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று கொடுத்தால் தீய மென்பொருள் தளங்களும் ஆபாசத் தளங்களும் திறக்காது. சில நிறுவன ரூட்டர்களில் இந்த இடம் பூட்டப்பட்டிருக்கும், அப்போது ஒவ்வொரு போனின் வைஃபை விபரத்திலும் போடவேண்டும். பக்கத்து வீட்டுக்கு வைஃபை கொடுப்பது நல்ல மனம், ஆனால் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. கெஸ்ற் நெற்வேர்க் என்று தனியாகத் திறந்து அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

வடிகட்டியின் எல்லையையும் தெரிந்திருக்கவேண்டும். யூரியூப்புக்குள்ளும் டிக்டொக்குக்குள்ளும் வருவதை அது தடுக்காது. பிள்ளை வைஃபையை நிறுத்தி டேற்றாவுக்குப் போனால் அது இல்லை. இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பும் விபிஎன் செயலி போட்டாலும் இல்லை. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியபோது ஊரெல்லாம் இலவச விபிஎன்கள் பரவின. உங்கள் போனில் இன்னும் ஒன்று கிடந்தால் எடுத்துவிடுங்கள், அது ஓடும்போது போனின் இணையப் போக்குவரத்து யாரென்று தெரியாத ஒருவரின் கணினி வழியாகப் போகிறது.

பிள்ளைகளின் படங்களைப் பற்றிப் பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். சாமத்திய வீட்டுப் படங்களை ஸ்ரூடியோக்கள் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் விளம்பரமாகப் போடுகின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை, முழு அலங்காரத்தோடு, பெயரும் ஊரும் சேர்த்து, யாரும் இறக்கிவைக்கக்கூடிய தெளிவில். முற்பணம் கொடுக்கும்போதே "இணையத்தில் போடக்கூடாது" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். புலமைப்பரிசில் பெறுபேறு வந்த மகிழ்ச்சியில் சுட்டெண்ணும் பாடசாலைப் பெயரும் தெரியும் தாளை அப்படியே போடாதீர்கள்.

படத்தை வைத்து ஒருவன் மிரட்டினால் செய்யவேண்டியதைப் பிள்ளைக்கு முன்னமே சொல்லி வையுங்கள்: காசு கொடுக்காதே, இன்னொரு படம் அனுப்பாதே, செய்தியை அழிக்காதே, எங்களிடம் வா. காசு கொடுத்தால் கொடுப்பார்கள் என்று தெரிந்துவிடும், மீண்டும் கேட்பான். பிள்ளை சொல்ல வரும்போது "ஏன் அனுப்பினனி?" என்று தொடங்கினால் அதோடு வாய் மூடிவிடும். அந்தத் தனிமையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் பிள்ளைகள் போகக்கூடும். முதலில் பக்கத்தில் இருங்கள். பிறகு அவன் கணக்கின் பெயர், இலக்கம், நேரம் தெரியும்படி ஸ்கிரீன் சொட் எடுங்கள். ஆனால் பிள்ளையின் அந்தப் படத்தை ஸ்கிரீன் சொட் எடுத்து யாருக்கும் அனுப்பவேண்டாம். 18 வயதுக்குக் கீழென்றால் ரேக் இற் டவுண், மேலென்றால் ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவசச் சேவைகள் உண்டு. படம் உங்கள் போனைவிட்டுப் போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் அங்கே போய், பேஸ்புக், இன்ஸ்ரகிராம், டிக்டொக் போன்றவை அந்தப் படத்தை ஏற்றவிடாமல் தடுக்கும். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை அவற்றால் தடுக்க முடியாது.

சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கு 109, கணக்குப் பறிப்பு போன்றவற்றுக்கு, கணினிப் பாதுகாப்பு அவசரங்களைப் பார்க்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101. இந்த நான்கோடு உங்கள் வங்கியின் அவசர இலக்கத்தையும் கலண்டர் மட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வங்கி இலக்கம் கார்டின் பின்னால் இருக்கும். போனும் கார்டும் ஒன்றாகத் தொலையும் நாளில்தான் அது தேவைப்படும்.

காசு போய்விட்டால் காலையில் கிளை திறக்கும்வரை இருக்காதீர்கள். இணையவழிப் பணமாற்றம் உடனே மற்றக் கணக்கில் விழுந்துவிடும், எடுக்கப்படும் முன் அந்தக் கணக்கை நிறுத்திவைக்கக் கேட்பதே வழி. நள்ளிரவானாலும் அவசர இலக்கத்துக்கு எடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். அடுத்து பொலிஸ் நிலையம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. தெரியாத மொழியில் எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்திடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது, "போன் விசயமெல்லாம் இங்க எடுக்கிறேல்லை" என்று திருப்பி அனுப்பினால் அதைச் சொல்லுங்கள். பணம் போன கணக்கிலக்கம், அனுப்பிய நேரம், தொகை, அவனது இலக்கம் நான்கையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி இணைத்து, முறைப்பாட்டின் பிரதியை அன்றைக்கே வங்கிக்கும் கொடுங்கள்.